வெங்காயத்தின் விலையை யார் தீர்மானித்தார்கள்?



இன்றைய பதிவு வழமையை விட நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எமது ஊரில் ஒரு சச்சரவு அறுவடையோடு சேர்ந்தே வருகிறது. வெங்காயம் பிடுங்கியவர், "என்னிடம் அந்த விலைக்கு எடுத்ததை இந்த விலைக்கா விற்கிறான்" என்று கடைக்காரரைப் பார்த்துப் பொருமுகிறார். கடைக்காரர், "லொறிக் கூலியும் கரண்ட் பில்லும் நீங்களா கட்டுறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார். வாங்க வந்த உம்மாமார் இரண்டு பேரையும் ஏசிவிட்டு, அரைக் கிலோ வாங்க வந்த இடத்தில் கால் கிலோவோடு போகிறார்கள். மூன்று தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கண்டக்குழியில் இந்த மூன்று தரப்பும் அநேகமாக ஒரே குடும்பம்தான். வாப்பா தோட்டத்தில் அல்லது கடலில், காக்கா கடையில், உம்மா கையில் பையோடு. ஆகவே விலை ஏறினாலும் இறங்கினாலும் எமது வீட்டுக்குள் ஒருவர் அழுகிறார்.

இந்தக் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அது அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய சண்டையில் யாரைக் கோபிப்பது என்பது விளங்கும்.

கற்பிட்டிக் கோட்டையில் இருந்து தொடங்கலாம். ஒல்லாந்தர் அதை 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். எதிரிக் கப்பலுக்குப் பயந்து மட்டும் கட்டியது அல்ல அது. களப்பின் வாயைப் பிடித்தால் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் போகும் சாமானையும் அங்கிருந்து வரும் பாக்கையும் பிடிக்கலாம் என்பதுதான் கணக்கு. விளைவிப்பவர் உள்ளே, வாங்குபவர் வெளியே, நடுவில் வாசலைப் பிடித்தவன் விலையைச் சொல்கிறான். பாக்குப் போய் வெங்காயமும் மீனும் வந்தன. வாசல் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

வாசலைப் பிடித்தவன் ஒருவன், பழி சுமந்தவன் இன்னொருவன் என்பதற்கு 1915ஐ விடப் பெரிய உதாரணம் இல்லை. முதலாம் உலகப் போரால் இறக்குமதி குறைந்து சாமான் விலை ஏறியிருந்தது. கண்டியில் ஊர்வலத் தகராறாகத் தொடங்கிய கலவரம் சில நாட்களிலேயே பல மாவட்டங்களுக்குப் பரவி, முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. அதற்கு மதம், அரசியல் என்று பல காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளர்கள் வாழ்ந்த இடங்களில், விலையேற்றத்தின் கோபம் இந்தியக் கரையிலிருந்து வந்து சில்லறைக் கடை வைத்திருந்த சோனகர் மேல் இறங்கியது என்பதை வரலாற்று ஆசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கப்பல் வராததற்குச் சந்திக் கடைக்காரர் என்ன செய்வார்? ஆனால் சனங்களின் கண்ணுக்குத் தெரிந்த முகம் அவருடையது மட்டுமே.

அடுத்த போரில் அரசாங்கம் இந்தப் பாடத்தை ஓரளவு படித்திருந்தது. ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் எமது நாட்டுக்கு அரிசி வந்த பெரிய வழி அடைபட்டது. 1942இல் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம் என்று எமது மூத்தவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். பங்கீட்டுச் சாமானைத் தனியார் கடையிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது என்று நாடு முழுவதும் கூட்டுறவுக் கடைகள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு மொத்தமாகச் சாமான் கொடுக்க 1943இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தொடங்கியது. சிங்களப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் சதொச. 1949இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது.

கூட்டுறவுக் கடை என்ற யோசனையின் ஊற்று இங்கிலாந்தின் ரொச்டேல். அங்கே நெசவாளர்களும் வேறு தொழிலாளிகளுமாக 28 பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு 1844 டிசம்பரில் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். விற்றது வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ், மெழுகுதிரி. கலப்படம் இல்லை, சரியான நிறுவை, மிஞ்சும் இலாபம் வாங்கியவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படும். ஆனால் கடன் இல்லை. (அதே 1844இல்தான் இலங்கையில் கார்கில்ஸ் வியாபாரமும் தொடங்கியது. இன்றைய எமது பேச்சில் வரும் இரண்டு பெயருக்கும் ஒரே வயது.)

அந்தக் "கடன் இல்லை" என்ற விதி எமது ஊர்களில் எப்படி ஓடும்? கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தொழிலுக்குப் போக முடியாது. வெங்காயம் போட்டால் பிடுங்கும் வரை கையில் காசு இல்லை. அதனால் கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை, மற்ற எல்லாவற்றுக்கும் கடன் கொப்பி வைத்திருக்கும் கடை. சங்கக்கடையின் விலை குறைவு, ஆனால் காசு வேண்டும். முதலாளியின் விலை கூட, ஆனால் நம்பிக் கொடுப்பார். "முதலாளி கொள்ளை அடித்தார்" என்று சொல்வோர் அந்தக் கொப்பியில் கடைசி வரை வெட்டப்படாமல் கிடந்த பெயர்களையும் எண்ண வேண்டும். அதேபோல அந்தக் கொப்பியைக் காட்டியே விளைச்சலைத் தான் சொன்ன விலைக்கு எடுத்த முதலாளிமாரும் உலகில் இருந்தார்கள். இரண்டும் நடந்தது.

1953ஐ விட்டுவிட்டு இந்த விடயத்தைப் பேச முடியாது. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்துக்கு விற்கப்பட்டது. உலகச் சந்தையில் அரசாங்கம் வாங்கிய விலை அதை விட மிகக் கூட. வித்தியாசத்தைத் திறைசேரி கட்டியது. கொரியப் போர்க் காலத்தில் இறப்பர் நல்ல விலைக்குப் போனபோது அது தாங்கியது. இறப்பர் விலை விழுந்ததும் தாங்கவில்லை. ஜூலையில் கொத்தின் விலை 70 சதமாக்கப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். கடைகள் பூட்டப்பட்டன, ரயில்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு அரசாங்கமும் அரிசி விலையைத் தொட முன் நடுங்கியது. 1962இல் பங்கீட்டைக் குறைக்கப் பார்த்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் பதவியை விட வேண்டி வந்தது.

இதற்குள் நெல் விளைவிப்பவருக்கு 1948இல் இருந்து உத்தரவாத விலை இருந்தது. ஒரு பக்கம் விவசாயிக்குக் கூடிய விலை, மறு பக்கம் வாங்குபவருக்குக் குறைந்த விலை, நடுவில் அரசாங்கத்தின் பை. நல்ல ஏற்பாடுதான், பையில் காசு இருக்கும் வரை. நெல்லை உலர்த்திக் களஞ்சியத்தில் வைக்கலாம் என்பதால் அது ஓடியது. கீரி மீனையும் கத்தரிக்காயையும் அப்படி வைக்க முடியாது. எமது பக்கத்து விளைச்சல் எல்லாம் அழுகும் சாமான். சங்கக்கடையின் தராசு கொழும்பில் இருந்து வந்த சீனியையும் மாவையும் பருப்பையும் நிறுக்கவே பழகியது. பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தை எடுத்து இன்னொரு ஊருக்கு அனுப்பும் ஏற்பாட்டை அது கட்டியெழுப்பவில்லை. சங்கம் வாங்குபவரின் கடையாக வளர்ந்தது. விளைவிப்பவரின் கடையாக வளரவில்லை. எமது அபிப்பிராயத்தில் அதன் பிற்கால வீழ்ச்சிக்கு விதை அங்கேதான் விழுந்தது.

1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியது. சிறு சிறு சங்கங்கள் 1971இல் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்க்கப்பட்டன. அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு விதமான நினைவு உண்டு. பாணுக்கு விடியற்காலையில் வரிசை, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு போகத் தடை, சாக்கைக் குத்திப் பார்க்கும் சோதனைச் சாவடி. இது ஒரு நினைவு. யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் இறைத்து மிளகாயும் வெங்காயமும் செய்தவர் கல்வீடு கட்டி, பிள்ளையைப் படிப்பித்தார். இது மற்றது. வாங்குபவரின் கஷ்ட காலமும் விளைவிப்பவரின் பொற்காலமும் ஒரே ஏழு வருடங்கள்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்தது. கடைகளில் சாமான் நிறைந்தது, தோட்டக்காரர் விழுந்தார். 1978இல் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979இல் அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபா அப்படியே இருக்க, சாமான் விலை ஏறிக்கொண்டே போனது. கூப்பன் போனதோடு சங்கக்கடைக்கு நிச்சயமாக வரும் வாடிக்கையாளரும் போனார்கள்.

எமது பிரதேசத்தில் அந்தக் கடைகளுக்கு இன்னொரு முறை உயிர் வந்தது, மிகத் துயரமான காரணத்தால். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது சகோதரர்கள் ஆயிரம் ஆயிரமாகப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தார்கள். அவர்களுக்கான உலர் உணவு நிவாரணம் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகக் கொடுக்கப்பட்டது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதி. வருடங்கள் போனாலும் அந்தத் தொகை மாறவில்லை, முத்திரையின் கதையேதான். வந்தவர்களில் வியாபாரிகளும் தோட்டக்காரரும் மீனவரும் இருந்தார்கள். கடைகள் கூடின, தோட்டத்துக்குக் கூலியாட்கள் கூடினார்கள், கூலி இறங்கியதால் மனத்தாங்கல்களும் கூடின. போரால் யாழ்ப்பாண வெங்காயம் தெற்குக்கு வருவது தடைப்பட்ட அந்த ஆண்டுகளில் எமது மணல் தோட்டத்துச் சின்ன வெங்காயத்துக்குக் கேள்வி இருந்தது.

1999இல் தம்புள்ளையில் விசேட பொருளாதார மத்திய நிலையம் திறந்தது. பின்னர் எமக்குப் பக்கத்தில் நுரைச்சோலையிலும் ஒன்று வந்தது. அதே 1999இல் கார்கில்ஸ் ஹங்குரான்கெத்தைப் பக்கத்தில் விவசாயிகளிடம் நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கியது. கொழும்பில் அவர்களின் முதல் புட் சிட்டி திறந்தது 1983இல். நேரடிக் கொள்வனவு என்றால் தரகர் இல்லை, நிறுவையில் வெட்டு இல்லை, காசு நிச்சயம். நல்ல விடயம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுப்பர் மார்க்கெட் எடுப்பது வடிவான, ஒரே அளவான காய்களை. மிச்சம்? அது பழைய லொறியில் பழைய முதலாளியிடம்தான் போகிறது, இன்னும் குறைந்த விலைக்கு. நல்லதைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சந்தைக்குக் கொண்டு போனால் சந்தை என்ன விலை சொல்லும் என்று தோட்டம் செய்தவருக்குத் தெரியும்.

இனி ஒரு கணக்கு. ஆசிரியர் புத்தி விடாது. உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான், உங்கள் கணக்கோடு மாற்றிப் பாருங்கள்.

கடைக்காரர் 100 கிலோ வெங்காயத்தைக் கிலோ 100 ரூபாப்படி வாங்குகிறார். 10,000 ரூபா. சாக்கு, ஏற்று கூலி, லொறி, கொமிஷன் 3,000. ஆக 13,000. வெங்காயம் காயும், அழுகும், முளைக்கும். 15 கிலோ போனால் விற்க இருப்பது 85 கிலோ. 13,000ஐ 85ஆல் வகுத்தால் 153 ரூபா. ஒரு சதம் இலாபம் வைக்க முன்னரே விலை 153. அவர் 180க்கு விற்றால் மொத்தம் 15,300 வரும், கையில் மிச்சம் 2,300. அதில் கடை வாடகை, மின்சாரம், வேலைப் பையனின் சம்பளம். 10 கிலோ கடனுக்குப் போய்த் திரும்பாவிட்டால் இன்னும் 1,800 கழிந்து மிச்சம் 500.

தோட்டக்காரர் கண்ணுக்கு 100க்கும் 180க்கும் இடையே 80 ரூபா கொள்ளை தெரிகிறது. கடைக்காரர் கண்ணுக்கு 500 ரூபா மட்டும் தெரிகிறது. கணக்கில் உண்மையாகக் குறைக்கக் கூடியவை இரண்டு: அந்த 3,000மும் அந்த 15 கிலோவும். இங்கே விளைந்தது தூரத்துச் சந்தைக்குப் போய் விலை கேட்டுவிட்டு, திரும்ப இங்கேயே லொறியில் வந்தால் இரண்டும் கூடுகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் இருந்து பக்கத்துக் கடைக்குப் போனால் இரண்டும் குறைகின்றன. அப்படி மிச்சமாகும் காசை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நாம் பேசி முடிவு செய்ய இடம் இருக்கிறது. மற்றவை எமது கையில் இல்லை.

மதீனாச் சந்தையின் ஒழுங்கு ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. விலை ஏறியபோது கட்டுப்பாட்டு விலை வைக்கக் கேட்டவர்களுக்கு ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் இணங்கவில்லை. யாருடைய பொருளிலும் அநீதி செய்தவராகிவிடக் கூடாது என்று அஞ்சினார்கள். அதே நேரம் பதுக்கலைத் தடுத்தார்கள். சாமான் கொண்டு வரும் ஒட்டகக் கூட்டத்தைச் சந்தைக்கு வர முன் வழியிலேயே மறித்து வாங்குவதையும் தடுத்தார்கள், ஏனென்றால் கொண்டு வருபவருக்குச் சந்தை விலை தெரியாது. விலையைக் கட்டுவதை விட, விலை எல்லோருக்கும் தெரிவதில் கவனம் இருந்தது. வரம்பில் வைத்தே முழுப் பாத்தியையும் பேசி எடுக்கும் லொறியையும், கரையில் வலை ஏற முன் முற்பணத்தால் மீனைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டையும் பார்க்கும்போது அந்தத் தடையின் பொருள் விளங்குகிறது.

அண்மைய வருடங்கள் எல்லோருக்கும் நினைவில் உண்டு, ஆகவே சுருக்கமாக. 2020 ஒக்டோபரில் கொரோனாவால் பேலியகொடை மீன் சந்தை மூடப்பட்டது. ஒரேயொரு வாசல் பூட்டியதும் நாட்டின் கரையெல்லாம் மீன் தேங்கியது. மீன் பயமில்லை என்று காட்ட முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன் பச்சை மீனைக் கடித்தார்! 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்குத் தடை, நவம்பரில் நீக்கம். அதே வருடம் செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு அதிகபட்ச சில்லறை விலை, மாதக் கடைசியில் அதுவும் நீக்கம். இடையில் நுகர்வோர் சட்டம் திருத்தப்பட்டு, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கும் தனி வியாபாரிக்குக் குறைந்தது 100,000 ரூபா தண்டம் என்றானது. பெரிய ஆலைக்காரர் குறைத்துக் கொடுக்காத அரிசியை நட்டத்துக்கு விற்பதா, தண்டம் கட்டுவதா, அல்லது அரிசியே இல்லை என்று சொல்வதா? சின்னக் கடைகள் மூன்றாவதைத் தெரிவு செய்தன. 1915இன் பழைய கதைதான், நெருப்பு மட்டும் இல்லை.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆனது. படகு இயந்திரமும் தோட்டத்துப் பம்பும் அதில்தான் ஓடுகின்றன. அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருடத்துக்குள் உணவின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. மீன் விலை ஏறியும் மீனவர் கையில் காசு இல்லை, ஏறியது முழுவதையும் எண்ணெய் குடித்தது.

இன்றைய வாசல் எங்கே என்று கேட்டால், 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி அறவிடப்படும் விசேட பண்ட வரியைச் சொல்வோம். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், நெத்தலி, கருவாடு எல்லாம் அதில் அடங்கும். கொழும்பில் ஒரு வர்த்தமானி வந்தால் இறக்குமதிச் சாமானின் விலை ஒரே இரவில் மாறும். எமது வெங்காயம் பிடுங்கும் வாரத்தில் வரி குறைந்தால் தோட்டக்காரர் போனார். பிடுங்கி முடிந்த பிறகு வரி கூடினால் பலன் களஞ்சியம் வைத்திருப்பவருக்கு. வரி வேண்டுமா வேண்டாமா என்பதை விட, அது எந்த வாரத்தில் மாறுகிறது என்பதே எமக்குப் பெரிய கேள்வி. எமது விவசாய அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் அறுவடைத் திகதிகளை முன்கூட்டியே எழுத்தில் பிரதேச செயலகத்துக்கும் விவசாயத் திணைக்களத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

எந்தக் காலத்திலும் விலையில் சேராத ஒரு செலவும் உண்டு. எமது மணல் தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைக்காது, போட்டதில் பெரும் பங்கு கீழே போய்விடும். கற்பிட்டிக் குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளில் நைட்ரேட் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களில் இருந்தே எழுதி வருகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய கிணறுகளும் அவற்றில் இருந்தன. விலை விழும்போது நட்டத்தை ஈடுகட்ட இன்னொரு போகம், இன்னொரு மூடைப் பசளை. கொழும்பில் யாரோ மலிவாக வாங்கிய காய்க்கு மிச்சக் காசை எமது கிணறு கட்டுகிறது. இப்போது குடிப்பதற்குத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள், அந்தச் செலவையும் மேலே சொன்ன கணக்கில் ஒரு வரியாக எழுதிப் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். பழைய கூப்பன் புத்தகம், சங்கத்தின் பங்குப் பத்திரம், உணவு முத்திரை, கடை மூடியவர்களின் கடன் கொப்பி இவற்றில் ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் எரித்துவிடாதீர்கள். பெயர்களை மறைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வருடம் எது என்ன விலைக்குப் போனது என்று எமது ஊருக்கென்று ஒரு விலைப் பட்டியலைத் தயாரிக்க உயர்தரப் பிள்ளைகள் சிலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். 1970க்கு முந்திய எதுவும் இன்னும் கிடைக்கவில்லை.